ஏலத்தின் நடுவில் நின்ற மூச்சு

போன மார்கழி முதற்கிழமை, குடலிறக்கச் சத்திரசிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் குருநகர்ச் சந்தையில் மீன் ஏலம் கூறுபவர். அகன்ற தோள், கட்டை மீசை. விலா எலும்பில் வளர்ந்த கட்டி நுரையீரலை நெருக்கியதால், விலை ஏறும்போதே அவருக்கு மூச்சு நின்றுவிடுமாம். கூறுபவர் நிறுத்தினால் கடைசியாகக் கேட்டவருக்கே மீன் என்பது அங்கே வழக்கம்.

“உந்த யாவாரியள் அரை விலைக்குப் பாரை மீனை அள்ளிக்கொண்டு போறாங்கள், அண்ணை. வள்ளங்களுக்குச் சொந்தக்காரர், சம்மாட்டி, வேறை ஆளைத் தேடுறார்” என்றார்.

இரண்டு விலா எலும்புகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மருத்துவ வலை வைத்துத் தைத்தார்கள்.

“வலையை உள்ளுக்கை போட்டிட்டாங்கள். இனி மீன்தான் வேணும்” என்றார். சிரிக்கப் போய், வலியில் முகம் சுளித்தார்.

மூச்சை இழுத்து மூன்று பந்துகளை எழுப்பும் கருவியோடு நாள் முழுவதும் மல்லுக்கட்டினார். வீட்டுக்குப் போகும் நாள், என் வாழைப்பழச் சீப்பைத் தூக்கி ஏலம் கூறிப் பார்த்தார். வார்டே விலை கேட்டது. நூற்றைம்பதில் திடீரென்று நின்றார்.

“மிஸ்ஸி, ஓடி வாங்கோ!” என்று தாதியைக் கூப்பிட்டு நான் கத்தினேன்.

பழம் கைநழுவப் போகிறதென்று எதிர்க்கட்டில்காரர், “இருநூறு!” என்றார்.

ஏலக்காரர் கண்ணடித்தார். “மூச்சு நல்லாக் கிடக்கு, அண்ணை. நிப்பாட்டினால் விலை ஏறுது, பாத்தியளோ?”

இப்போதும் அந்தச் சந்தையில் அவர் குரல் நடுவில் நிற்கும்போது, மூச்சு முட்டியதா, விலை ஏற்றும் வித்தையா என்று தெரியாமல் நான்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.