பிறகு பார்ப்போம் என்று விட்ட யாப்பு

பிள்ளைகளே, ஜெர்மனியின் எசன் நகரில் எங்கள் தமிழ்ப் பாடசாலைச் சங்கத்துக்கு யாப்பு, அதாவது சட்டதிட்டம், எழுதிய கதை இது. நான் அதிகம் படித்தவன் இல்லை. ஆனாலும் அந்த நாட்களில் ஒரு சரித்திர ஆசிரியரின் தடித்த புத்தகத்தை முழுதாக வாசித்தேன்.

மூத்தவள் வகுப்பில் பேசுவதற்காக நூலகத்தில் எடுத்து வந்த புத்தகம். அமெரிக்காவின் அரசியல் யாப்பு உருவான விதத்தைப் பற்றி அந்த நாட்டுக்காரர் ஒருவர் எழுதி, ஜெர்மன் மொழிக்குப் பெயர்த்திருந்தார்கள். அவள் பேசி முடித்ததும் குசினி மேசையில் போட்டுவிட்டாள். நான் எடுத்துப்போய் வேலை இடைவேளைகளில் அகராதியோடு வாசித்தேன். இரண்டு பக்கம் போவதற்குள் கண் செருகும். நூலகத்தில் தவணையை நீட்டி நீட்டி வாசித்தேன்.

அந்த யாப்பை எழுத, வெயில் காலத்தில் சன்னல்களைச் சாத்திக்கொண்டு பெரிய மனிதர்கள் மாதக்கணக்காய் வாதாடியிருக்கிறார்கள். சுதந்திரம் பேசியவர்களில் பலர் வீட்டில் அடிமைகளை வைத்திருந்தார்கள். அதில் கை வைத்தால் யாப்பே நிறைவேறாது என்று ஒதுக்கிவிட்டார்கள். ஒதுக்கியது பேரப்பிள்ளைகள் காலத்தில் போராக வந்தது என்று எழுதுகிறார் அந்த ஆசிரியர்.

எங்கள் கூட்டம் தேவாலய மண்டபத்தில், ஒரு ஞாயிறு காலை. நான் செயலாளர். இரவு வேலை முடித்து நேரே போயிருந்தேன். எழுதி முடித்த யாப்பில் எல்லாரும் கையெழுத்து வைத்தால் மறுநாளே சங்கத்தைப் பதிவுக்குக் கொடுக்கலாம்.

"குடும்பத்துக்கு ஒரு வாக்கெண்டு கிடக்கு. அந்த ஒண்டை ஆர் போடுறது?" என்று கேட்டார், சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் அக்கா.

"குடும்பத் தலைவர்தான்," என்றார் சங்கத் தலைவர்.

"எங்கட வீட்டுத் தலைவருக்குப் பாடசாலை எந்தத் தெருவில எண்டே தெரியாது."

எல்லாரும் சிரித்தார்கள். அவருடைய கணவரும் நிலத்தைப் பார்த்தபடி சிரித்தார்.

"இப்ப கையெழுத்தை வையுங்கோ அக்கா. பதிவு முடியட்டும், பிறகு பாப்பம்," என்றார் தலைவர்.

"அப்ப படிப்பிக்கவும் பிறகு வேற ஆளைப் பாருங்கோ."

அக்கா பேனையைக் கீழே வைத்துவிட்டார். அவரை விட்டால் சின்னவர்களுக்கு வேறு ஆள் இல்லை. கடைக்குட்டி அந்த வகுப்பில்தான் இருந்தான்.

பேனை என்னிடம் வந்தது. கையெழுத்து வைத்தால் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். ஆனால் அந்தப் 'பிறகு பாப்பம்' என்னைப் பிடித்துக்கொண்டது. "நானும் இப்ப வைக்கேல்லை. இதைப் பேசி முடிப்பம்," என்று, புத்தகத்தில் வாசித்ததைச் சொன்னேன்.

"அண்ணைக்கு அமெரிக்கா தலைக்கேறிட்டுது," என்றார் தலைவர். "எங்களிட்ட ஆர் அடிமையள் இருக்கினம்?"

"தேத்தண்ணி ஊத்துறவையைக் கேளுங்கோ!" மண்டபத்துக் குசினியிலிருந்து வந்த குரல் உங்கள் அம்மாவுடையது.

அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிறுகள் போயின. ஒவ்வொன்றிலும் நித்திரை இல்லாமல் போய் அதே கதிரையில் இருந்து அதே பேச்சைக் கேட்டேன். பதிவு பிந்தியதற்கு எல்லாரும் என்னைத்தான் ஏசினார்கள். கடைசியில், வளர்ந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு என்று எழுதி எல்லாரும் கையெழுத்து வைத்தோம். அக்கா முதலாவதாக வைத்தார்.

அடுத்து நிர்வாகத் தெரிவு. செயலாளராக என் பெயரையும் அக்காவின் பெயரையும் சொன்னார்கள். அக்காவுக்கு வாக்குப் போடுவது யார் என்று கேட்டபோது முதலில் உயர்ந்த கை உங்கள் அம்மாவுடையது.

"என்னப்பா, எனக்கு எதிராவோ?" என்றேன்.

"ஓம். ஞாயிற்றுக்கிழமையிலயாவது வீட்டில படுங்கோ."

நான் தோற்றேன். அன்று பின்னேரம் வரை நித்திரை கொண்டேன்.