ஒன்பதாவது கேள்வி

எரியூட்டு நிலையத்தில் உடல்களை வரவு வைக்கும் அம்மாளுக்கு, உடன் வேலை செய்பவர்கள் வைத்த பெயர் கொக்கி. பெட்டி உள்ளே வந்ததும் ஏதாவது ஒரு கொக்கியைப் போட்டு நிறுத்திவிடுவாளாம். அதில் அவளுக்கு வருத்தமில்லை. இங்கு வருவதற்கு முன் பன்னிரண்டு வருஷம் பேருந்து நிலையத்தில் தொலைந்த சாமான்கள் பிரிவில் இருந்தவள் அவள். ஒரே கருப்புக் குடைக்கு மூன்று பேர் தலையில் அடித்துச் சத்தியம் செய்ததைப் பார்த்திருக்கிறாள். குரலில் இருக்கும் உறுதிக்கும் உண்மைக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று அங்கேயே தெரிந்துகொண்டாள்.

"இங்க யாரு அடுத்தவன் அப்பனைக் கேட்டு வரப்போறான்?" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார்.

"கேட்டு வரமாட்டான். குடுத்தா வாங்கிட்டுப் போயிடுவான்," என்பாள்.

அவளுடைய முறை எளிது. மணிக்கட்டில் இருக்கும் பட்டையையும் படிவத்தையும் ஒப்பிடுவாள். குடும்பத்தில் ஒருவரை முகம் பார்க்க வைப்பாள். எண் பொறித்த உலோக வில்லையை உடலோடு வைப்பாள். தீயில் உருகாத அந்த வில்லைதான் சாம்பலோடு திரும்பி வந்து இன்னார் என்று சொல்லும். இவ்வளவும் சட்டம். இதற்குமேல் ஒன்று அவளாகச் சேர்த்துக்கொண்டது: இடது தோள்பட்டைக்குக் கீழே விரலால் அழுத்திப் பார்ப்பாள். இதயத்துக்கு வைக்கும் பேட்டரி கருவி உள்ளே இருந்தால் உலையில் வெடிக்கும். படிவத்தில் ஒன்பதாவது கேள்வியே அதுதான். ஆனால் படிவத்தை நிரப்புகிறவர்களைப் பற்றி அவளுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது.

அன்று வந்த அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு நாட்டில் இருப்பவர்கள். அப்பா வீட்டில் தனியாக இறந்து, மருத்துவமனைப் பிணவறையில் நான்கு நாள் இவர்களுக்காகக் காத்திருந்தார். உயிரோடு இருந்தபோது காத்திருந்ததோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. மகனுக்குச் சாயங்காலம் விமானம். ஒன்பதாவது கேள்விக்கு 'இல்லை' என்று எழுதி, பேனாவை மூடி, கடிகாரத்தைப் பார்த்தான்.

முகம் பார்க்கும் அறைக்கு அவர்களைக் கூட்டிப்போனாள் கொக்கி. மகன் வாசற்படியிலேயே நின்றுகொண்டு, "அப்பாதான்," என்றான்.

"கிட்ட வந்து பாருங்க சார்."

"தெரியுது மேடம். எங்கப்பாவை எனக்குத் தெரியாதா?"

மகள் கிட்டே வந்தாள். அழுதாள். நடுவில் அழுகையை நிறுத்தி, "அப்பாவுக்கு மீசை இருந்துச்சே அண்ணா," என்றாள்.

"எடுத்திருப்பாரு."

"போன்ல பார்த்தப்போ?"

"போன்ல எங்க முகத்தைக் காட்டினாரு? நெத்தியும் ஃபேனும்தான் தெரியும்."

ஆறு வருஷமாக ஒரு நெற்றியோடும் மின்விசிறியோடும் பேசிவிட்டு அப்பாவோடு பேசியதாகக் கணக்கில் வைத்திருக்கிறார்கள். கொக்கி பெட்டியின் மேல் குனிந்தாள். விரலை வைத்து அழுத்தினாள். தீப்பெட்டி அளவில் ஏதோ கடினமாகத் தட்டுப்பட்டது.

"உங்கப்பாவுக்கு இதயத்துல ஏதாவது வச்சிருக்கா சார்?"

"இல்லன்னு எழுதியிருக்கேனே."

"இவருக்கு இருக்கு."

அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மகள் பெட்டியை விட்டு ஓரடி தள்ளி நின்றாள். ஒரு நிமிஷத்துக்கு முன் அழுதது யாருக்காக என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஆபரேட்டர் வந்து, "உலை சூடாயிடுச்சு அக்கா," என்றான். அவன் பின்னாலேயே மேனேஜரும் வந்தார்.

"பட்டையில பேர் சரியா இருக்கில்ல? அப்புறம் என்னம்மா?"

"பட்டையைக் கட்டினதும் மனுஷன்தான் சார். அன்னிக்கே பிணவறையில இன்னும் ரெண்டு பெரியவங்க இருந்திருக்காங்கன்னு ஆஸ்பத்திரி சீட்டுலயே இருக்கு. மாறிப்போயிருந்தா? எரிச்சப்புறம் யாரைத் திருப்பிக் குடுப்பீங்க?"

"நாலு மணிக்கு அடுத்த பார்ட்டி. லேட்டாச்சுன்னா நீங்கதான் பதில் சொல்லணும்."

"சொல்றேன்."

"நான் புகார் எழுதுவேன்," என்றான் மகன். அப்பாவுக்காக அன்று அவன் எடுத்துக்கொண்ட முதல் சிரமம் அதுவாக இருந்திருக்கும்.

கொக்கி மருத்துவமனைக்குப் போன் செய்தாள். ஒரு மணி நேரத்தில் இதயப் பிரிவிலிருந்து டெக்னீஷியன் மடிக்கணினி போன்ற ஒரு பெட்டியோடு வந்தார். தோலின்மேல் வைத்தாலே உள்ளிருக்கும் கருவியின் எண்ணைப் படித்துவிடும் அது. அந்த எண்ணை அவர் மருத்துவமனைக்குப் போனில் சொன்னார். யாருக்குப் பொருத்தியது என்ற பதிவின் நகல் அலுவலக ஃபேக்ஸ் இயந்திரத்தில் வந்து விழுந்தது.

பெயர் அவர்களுடைய அப்பாவின் பெயர்தான். பிறந்த தேதியும் முகவரியும் சரியாக இருந்தன. மூன்று வருஷத்துக்கு முன் செய்த ஆபரேஷன்.

மகனுக்கு உயிர் வந்தது. "நான்தான் முதல்லயே சொன்னேனே அப்பான்னு. ரெண்டு மணி நேரம் வீண். உங்க மேனேஜரைக் கூப்பிடுங்க."

"கூப்பிடறேன். அதுக்கு முன்னாடி இதைப் படிச்சுட்டு, ஒன்பதாவதைத் திருத்திக் கையெழுத்துப் போடுங்க. கருவியை எடுத்துடணும்."

தாளை அவன் கையில் கொடுத்தாள். நோயாளி தன் கையால் நிரப்பிய பதிவு அது. 'நெருங்கிய உறவினர்' என்ற இடத்தில் சாய்ந்த எழுத்தில் 'யாருமில்லை' என்றிருந்தது.

மகள் எட்டிப் பார்த்தாள். "அப்பா எழுத்து," என்றாள். முகத்தைப் பார்த்து மீசையைத் தேடியவளுக்கு இதில் ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. மகனும் மறுக்கவில்லை. அன்று அவர்கள் அடையாளம் கண்டுகொண்டது அந்த ஒரு வார்த்தையைத்தான்.

மகன் திருத்திக் கையெழுத்துப் போட்டான். மேனேஜரைப் பற்றிய பேச்சு அப்புறம் வரவே இல்லை. டெக்னீஷியன் உள்ளே போனதும் குரலை இறக்கி, "மேடம், இந்தத் தாள் ஃபைல்ல இருக்கணுமா?" என்றான்.

"இருக்கணும் சார். இவர் இன்னார்னு நிரூபிக்கறதே இதுதானே."

"மேல இருக்கற பேரும் நம்பரும் போதாதா? கீழ இருக்கறது… உங்களுக்கு எதுக்கு?"

"ஒரே தாள் சார். பாதியா வச்சுக்க முடியாது."

"எத்தனை வருஷம் வச்சிருப்பீங்க?"

"இங்க எதையும் தூக்கிப் போடறதில்ல."

அவள் தாளை வாங்கி, துளையிட்டு, அவன் படிவத்துக்கு மேலே கோத்தாள். பிறகு உலோக வில்லையை எடுத்து, எண்ணை இரண்டு முறை சத்தமாக வாசித்துவிட்டு உள்ளே போனாள்.