எந்த ஷாஃப்ட்டு?

கோலார் தங்கவயலுக்குக் குடிவந்த புதிதில் ஒரு மத்தியானம் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். அலமாரியில் இருந்த எவர்சில்வர் டம்ளர்கள் கடகடவென்று ஆடின. தரை ஒரு உலுக்கு உலுக்கியது. பூகம்பம்தான் என்று முடிவுகட்டி, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். தெருவில் என்னைத் தவிர ஓடிவந்தவர் ஒருவரும் இல்லை. பக்கத்து வீட்டுக் குப்பம்மாள் தன் வாசலில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கை மட்டும் அப்படியே நின்றிருந்தது. தலையைச் சாய்த்து எதையோ கேட்டாள். பிறகு கை மறுபடியும் முறத்துக்குப் போனது. “இன்னாத்துக்கு ஓடியாறீங்க? ப்ளாஸ்ட்டு. கீழ பாறை வெடிச்சிருக்கும். சங்கு ஊதல இல்ல? ஊதலன்னா போயி சோத்தப் பாருங்க” என்றாள். நான் போய்ப் பார்த்தபோது சோறு குழைந்திருந்தது.

நான் பிறந்த தூத்துக்குடியில் இருக்கும் நீங்கள் இதை நம்பமாட்டீர்கள். ஆனால் எங்கள் காலுக்குக் கீழே மைல் கணக்கில் ஆழத்துக்குச் சுரங்கம் போகிறது. அங்கே தோண்டத் தோண்டப் பாறை பொறுக்கமுடியாமல் சில நேரம் வெடித்துவிடும். மேலே டம்ளர் ஆடும். ஆள் யாராவது மாட்டிக்கொண்டால் சங்கு ஊதும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சில நொடிகளில் இந்த ஊர்ப் பெண்கள் மூச்சுகூட விடுவதில்லை. மொழிவாரியாக மாநிலம் பிரித்தபோது இந்த ஊர் மைசூர் ராஜ்யத்தோடு நின்றுவிட்டது, கடிதத்தில் விலாசம் எழுதும்போதெல்லாம் அது எனக்கு நினைவுக்கு வரும். ஆனால் தெருவில் கேட்பதெல்லாம் வடஆற்காட்டுத் தமிழ்தான். நான் பேசுவதைக் கேட்டு இங்கே சிரிக்கிறார்கள். இவர்கள் பேசுவதைக் கேட்டு நானும் சிரித்துக்கொள்கிறேன். கணக்கு நேர்.

என் வீட்டுக்காரருக்கு மின்சாரப் பட்டறையில் வேலை. அவர் சுரங்கத்துக்குள் இறங்குவது அபூர்வம். மூத்தவள் கனி பள்ளிக்கூடம் போகத் தொடங்கி, இளையவன் துரை எல்லாவற்றுக்கும் ஏன் என்று கேட்கத் தொடங்கியிருந்த வருஷத்தில்தான் அந்தச் சாரிட்டி வாக் வந்தது. கிளப்பில் ஒரு அம்மாள் செயலாளர். கன்னடக்காரர், நல்ல மனுஷி. பாறைத் தூளைச் சுவாசித்து நெஞ்சு கெட்டுப்போனவர்கள் ஆஸ்பத்திரியில் தனி வார்டில் கிடக்கிறார்கள், இந்த ஊர்க் குளிருக்கு அவர்களுக்குக் கம்பளி வாங்கவேண்டும், அதற்காக மாரிகுப்பம் வரை குடும்பம் குடும்பமாகக் குழந்தைகளோடு நடப்போம், பார்க்கிறவர்கள் டப்பாவில் காசு போடுவார்கள் என்றார். நான் உடனே பேர் கொடுத்தேன். என் பிள்ளைகள் கடற்கரை மணலில் நடந்து வளரவேண்டியவர்கள். அது இல்லையென்றால் இந்த மண்ணிலாவது உருப்படியாக நடக்கட்டும் என்று எனக்கு ஒரு வீம்பு.

குப்பம்மாளுக்கு இதை விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. “கோயிலுக்கா நடக்கிறீங்க?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “அப்ப ஸ்ட்ரைக்கா?” அதுவும் இல்லை என்றேன். “அப்பறம் இன்னாத்துக்குப் புள்ளைங்கள நடக்க வெச்சிக்கினு போறீங்க? மாரிகுப்பத்துக்குத்தான் ரயிலு போதே!” தருமத்துக்கு நடக்கிறோம் என்றதும், தருமம் வாங்கப் போகிறோம் என்று புரிந்துகொண்டு, உள்ளே போய் ஒரு படி கேழ்வரகு கொண்டுவந்து நீட்டினாள். வாங்கிக்கொள்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்பட்டோம். அன்று விடிகிற நேரத்தில் டம்ளர்கள் ஆடியிருந்தன, கொஞ்சம் பலமாகவே. சங்கு ஊதவில்லை. ஊர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. நானும் இப்போது குப்பம்மாள் மாதிரி தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு அடுப்பு மூட்டப் பழகியிருந்தேன். பள்ளிக்கூட மைதானத்தில் குடும்பங்கள் கூடின. செயலாளர் அம்மாள் ஒரே ஒரு கட்டளைதான் போட்டார். ராத்திரி ஷிஃப்ட் முடித்தவர்கள் லைன் வீடுகளில் தூங்குவார்கள், அதனால் பாட்டு, கூச்சல் கூடாது, சத்தமில்லாமல் சுறுசுறுப்பாக நடக்கவேண்டும். வழி, சுரங்கத் தொழிலாளர் லைன்களுக்கு நடுவே போய், ஆட்களைக் கூண்டில் சுரங்கத்துக்குள் இறக்குகிற ஷாஃப்ட்டைத் தாண்டி, மாரிகுப்பம் ரயில் நிலையத்தில் முடியும். அங்கே குழந்தைகளுக்கு ஆளுக்கொரு பன்னும் ஒரு ரிப்பன் பட்டையும் உண்டு. துரை பன்னுக்காக நடந்தான். கனி ரிப்பனுக்காக நடந்தாள். கம்பளிக்காக நடந்தது நானும் என் வீட்டுக்காரரும்தான் போலிருக்கிறது.

முதல் லைனைத் தாண்டும்போதே ஏதோ சரியில்லை என்று எனக்குத் தட்டியது. வாசலில் நின்றவர்கள் யாரும் டப்பாவைப் பார்க்கவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்தார்கள். ஒருத்தி வாளியைக் கிணற்றடியிலேயே போட்டுவிட்டு எங்களோடு நடக்கத் தொடங்கினாள். பின்னால் இன்னும் சிலர் வந்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது, ஊரே தருமத்துக்குத் திரண்டுவிட்டது என்று. எங்கள் ஊரில் கூட்டம் கடலைப் பார்த்துப் போனால் மீன் ஏலமாக இருக்கும், இல்லையென்றால் மாதா கோயில் திருவிழாவாக இருக்கும். எதற்கென்று கேட்காமலே நாங்களும் சேர்ந்துகொள்வோம். அந்தக் கணக்கையே இங்கேயும் போட்டேன். கடைசி லைனில் ஒரு இளம்பெண் தலைமுடியை அள்ளி முடிந்தபடி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். அவள் விரல் ஐஸாக இருந்தது.

“யக்கா, எந்த ஷாஃப்ட்டு?”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. இந்த ஊரில் பெண்கள் பிள்ளை குட்டிகளோடு, பேச்சு மூச்சில்லாமல், வேகமாக ஷாஃப்ட்டைப் பார்த்து நடப்பது ஒரே ஒரு காரியத்துக்குத்தான், கீழே ஆள் மாட்டிக்கொண்டால். விடிகாலையில் வேறு டம்ளர் ஆடியிருக்கிறது. நாங்கள் கம்பளிக்காக நடந்துகொண்டிருக்க, எங்களுக்கு முன்னாலேயே செய்தி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அவளைச் சமாதானப்படுத்த எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன்: “ஒண்ணுமில்லம்மா. ஒண்ணுமே இல்ல.”

அவள் அலறிவிட்டாள். “எங்கப்பாவுக்கு ஆனப்பவும் இப்டித்தான் ஒன்னும் இல்ல ஒன்னும் இல்லன்னு சொல்லி இஸ்துக்கினு போனாங்க! கூடத்துல தூக்கிப் போட்ட அப்பறம்தான் சொன்னாங்க! எங்க ஊட்டுக்காரரு கீழ கீறாரு யக்கா, பம்புக்குப் போயிருக்கிறாரு. உள்ளதச் சொல்லுங்க!”

ஞாயிறானாலும் தண்ணீர் இறைக்கிற பம்பு ஆட்கள் இறங்கித்தான் ஆகவேண்டும். அவள் பெயர் ரஞ்சிதம், புருஷன் பெயர் கோதண்டம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். எல்லோரும் சேர்ந்து ஷாஃப்ட் வாசலுக்கே போனோம். வாசல்காரர் பதறிப்போய்க் கீழே போன் போட்டுக் கேட்டார். எல்லாரும் நலம் என்று பதில் வந்தது. கூட்டம் பெருமூச்சு விட்டு, எங்களை நாலு திட்டும் திட்டிவிட்டுக் கலைந்தது. திட்டினவர்களே டப்பாவில் காசும் போட்டார்கள், அது இந்த ஊர்க் குணம். ரஞ்சிதம் மட்டும் நகரவில்லை. “போன்ல அப்டித்தான் சொல்லுவாங்க” என்று கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அவன் முகத்தைக் கண்ணால் பார்க்கவேண்டும். அது ஷிஃப்ட் முடிந்து கூண்டு மேலே வந்தால்தான் நடக்கும், அதற்கு மத்தியானம் ஆகும்.

செயலாளர் அம்மாள் எங்களை வரச்சொல்லிக் கையசைத்தார். மாரிகுப்பத்தில் பன் காத்திருந்தது. துரை என் சேலையை இழுத்தான். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் எங்கள் டப்பாவை அம்மாளிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவந்து வேலியோரம் துண்டை விரித்தார். எனக்கு அந்த மனுஷரை அவ்வளவு பிடித்துப்போன நாள் வேறொன்று கிடையாது. முடிக்காத நடைக்கு ரிப்பன் கிடைக்காது என்று கனி கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சினாள். கட்டுச்சோற்றைப் பிரித்து ரஞ்சிதத்துக்கும் வைத்தேன். அவள் தொடவில்லை. துரை அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “அத்த, பன்னு தீந்து போயிருமா?” என்று அழமாட்டாக் குறையாகக் கேட்டான். ரஞ்சிதம் அவனைப் பார்த்தாள். அந்த நிலைமையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஒரு வாய் சோறு தின்றாள்.

ஷிஃப்ட் முடிகிற வழக்கமான மத்தியானச் சங்கு ஊதியதும் எழுந்து நின்றோம். ஈரமும் சேறுமாக ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். தூக்குச்சட்டியை ஆட்டிக்கொண்டு வந்த ஒருவன் ரஞ்சிதத்தைப் பார்த்ததும் சட்டென்று நின்றான். பெண்டாட்டி முன்பின் தெரியாதவர்களோடு ஷாஃப்ட் வாசலில், அழுத முகத்தோடு. அவன் முகத்தில் ரத்தமே இல்லை. “இன்னாச்சி? அம்மாவுக்கு இன்னாச்சி?” என்றான்.

ரஞ்சிதம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “ஒன்னும் இல்ல. வா.”

கோதண்டம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பிறகு அவனை நம்பவைக்க அவளும் நாங்களும் பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்துதான் வருகின்றன.

மறுநாளே செயலாளர் அம்மாளிடம் போனேன். அடுத்த வருஷம் மேளம் வைக்காவிட்டால் என் பிள்ளைகளை அனுப்பமாட்டேன் என்று கண்டிப்பாகச் சொன்னேன். திருவிழா மாதிரி குஷியாக இருக்கட்டும் என்று கேட்பதாக அவர் நினைத்துக்கொண்டார். “மேளவா? சென்னாகிருத்தே!” என்று கையைத் தட்டினார். ரொம்ப நன்றாயிருக்குமாம். நான் திருத்தவில்லை. காரணம் எதுவானால் என்ன, மேளம் வந்தது. ராத்திரி ஷிஃப்ட் ஆட்கள் தூக்கம் கலைந்து எழுந்து திட்டினார்கள். மறுபடி படுத்தால் தூக்கம் வந்துவிட்டுப் போகிறது. ரஞ்சிதமும் இடுப்பில் ஒரு கைக்குழந்தையோடு எங்களுடன் நடந்தாள். துரை பன்னை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டுதான் புறப்பட்டான்.

போன கோடை விடுமுறைக்குத் தூத்துக்குடி வந்தோம். ஒரு காலையில் என் அண்ணனோடு கடைத்தெருவுக்குப் போகும்போது, ஆண்களும் பெண்களும் பிள்ளைகளுமாகக் கூட்டம் கடற்கரையைப் பார்த்து வேகமாகப் போனது. மீன்பாடு நன்றாக வாய்த்து வள்ளங்கள் திரும்பியிருக்கும். எனக்கு அந்தத் தெருவின் வாசனையே போதும், சொல்லிவிடுவேன். துரை நடுத்தெருவில் நின்றுவிட்டான்.

“எந்த ஷாஃப்ட்டும்மா?”

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். “ஏல, இங்க ஏதுல ஷாஃப்ட்டு? அது கடல்லா!” என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தோடு முன்னே போனார். நான் துரையின் கையைப் பிடித்து, பிறந்த ஊர் வந்த தெம்பில், யோசிக்காமல் சொன்னேன்: “ஒண்ணுமில்லல. வா.”

சொன்ன பிறகுதான் என் காதில் அது விழுந்தது. அவன் விரல்கள் என் கையை இறுக்கின. ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. நானும் இழுக்கவில்லை. ஊர் எங்களைத் தாண்டிச் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருக்க, நாங்கள் இரண்டு பேரும் கடலைப் பார்த்தபடி, எங்காவது சங்கு ஊதுகிறதா என்று தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றோம்.