ஆகாசத்தில் ஒரு ஓட்டை

பல்லடம் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பொண்ணு. யோசிக்கும்போதெல்லாம் மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொள்ளும். மடியில் லேப்டாப், அதில் சக்கரவள்ளிக் கிழங்கு மாதிரி ஒரு படம்.

“கெழங்கு யாவாரமா கண்ணு?”

“இல்லீங்கம்மா, வானத்துல சுத்தற கல்லுங்க. விண்கலம் எடுத்த போட்டோவெல்லாம் சேத்து மேப் போடறனுங்க. இந்த ரெண்டு போட்டோல இருக்கறது ஒரே குழியா, வேற வேறயான்னு தெரியலீங்க. சாயங்காலம் குடுக்கோணும்.”

பனியன் கம்பெனியில் எனக்கு செக்கிங் வேலை. துணியில் ஓட்டை பார்த்தே பழகிய கண்.

“வெளிச்சம் மாறுனா நெழலும் மாறும் கண்ணு. குழிய உட்டுட்டுப் பக்கத்துல பாரு. ரெண்டுலயும் அதே மூணு கல்லு.”

பார்த்தது, சிரித்தது. “ஒண்ணேதானுங்கம்மா!”

அந்தச் சந்தோஷத்தில் அருள்புரத்தில் இறங்க மறந்து, அடுத்த ஸ்டாப்பில் ஓடி இறங்கியது. பேரைக்கூட நான் கேட்கவில்லை. ஓட்டை பிடித்துப் பிடித்துப் பனியனைக் கழித்தவள் நான். ஆகாசத்தில் ஒரு ஓட்டையைக் குறைத்தது அன்றைக்குத்தான்.