நவரட்ணத்தின் இலை மெசின்

நவரட்ணத்துக்கு வயிறு எரிய, கனடாவின் றிச்மண்ட் ஹில்லில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார்: மனைவி பாலேஸ்வரியின் தங்கச்சி புருசன் அன்புராசா. சொந்தச் சகலன். அதுவும் பக்கத்து வீடு. வேறெங்கும் வீடே அகப்படவில்லையாக்கும்!

பேக்கரியில் இருபத்தாறு வருசம் மா மூட்டை தூக்கி, ஐந்து மேப்பிள் மரம் நிற்கிற மூலை வளவோடு வீடு வாங்கியவர் நவரட்ணம். ஒவ்வொரு ஐப்பசியும் உதிர்ந்த இலையை றேக்கால் வாரி, கடதாசிப் பைகளில் அமுக்கித் தெருவோரம் அடுக்குவார். குனிந்து குனிந்து நாரி விட்டுப்போகும். ஆனாலும் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அது போதும் அவருக்கு.

இந்த வருசம் அன்புராசா ஏறியிருந்து ஓட்டுகிற புல்லு வெட்டு மெசின் வாங்கி, அதன் பின்னால் இலை கூட்டுகிற சுவீப்பரையும் கொழுவிவிட்டார். உருளும் பிறஷ் இலையை அள்ளிப் பின்சாக்குக்குள் எறிய, மனிதர் தேத்தண்ணிக் கோப்பையோடு வளவைச் சுற்றி வந்தார். இருபதே நிமிசம்.

“தங்கச்சி குடுத்துவச்சவள்,” என்றார் யன்னலடியில் நின்ற பாலேஸ்வரி. நவரட்ணத்துக்குச் சுருக்கென்றது. “ஞாயிறு பிள்ளையின்ர கலியாணத் தாலிக்குப் பொன்னுருக்கு. வளவில பந்தலுக்குக் கன்னிக்கால் நடவேணும், சனம் வரும். அன்புராசாவைக் கேளுங்கோவன், ஒரு சுத்து ஓடிவிடுவார்.”

“அவனிட்டயோ? செத்தாலும் கேக்கமாட்டன்!”

வெள்ளிக்கிழமை எங்கேயோ போய்ப் பழைய சுவீப்பர் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். இறக்கிய பிறகுதான் மூளை வேலை செய்தது: அதை இழுக்க மெசின் இல்லை. மனிதர் விடுவாரா? நைலோன் கயிற்றால் தன் வானுக்குப் பின்னால் கட்டினார். முதல்நாள் மழையில் நிலம் ஊறிக் கிடந்தது. வான் பத்தடி போய்ப் புதைந்தது. ஈர இலை பிறஷில் சுற்றி இறுகிக்கொண்டது. மிதிக்க மிதிக்கச் சேறுதான் வாரியடித்தது.

சத்தம் கேட்டு அன்புராசா வந்தார். சிரித்திருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம், பாவி சிரிக்கவில்லை. சில்லுக்குப் பலகை வைத்து வானை எடுத்தார். தடத்துக்கு மண் போட்டார். “ஈரத்தில கூட்டேலாது அண்ணை. நாளைக்குக் காயட்டும்.”

சனி பின்னேரம் கூப்பிடாமலே மெசினோடு வந்தார். நவரட்ணத்தின் சுவீப்பரையே கொழுவி, பிறஷைக் கொஞ்சம் உயர்த்தி, முழு வளவையும் கூட்டிவிட்டுப் போனார். நவரட்ணம் கராஜுக்குள் நின்று பல்லைக் கடித்தார்.

ஞாயிறு கன்னிக்கால் நட்டு முடிய, குடும்பத்துக்கு மூத்தவரான தியாகலிங்கம் சுற்றிப் பார்த்தார். “ஆர் உந்த வளவைக் கூட்டினது? ஒரு இலை இல்லை!”

“நான்தான்,” என்று நவரட்ணத்தின் வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகுதான் பின்னால் அன்புராசா நிற்பதைக் கண்டார். பாலேஸ்வரியும் நின்றார். இவ்வளவு சனத்துக்கு முன்னால் மானம் போகப்போகிறது.

“ஓம் ஐயா, அண்ணை தனியத்தான் கூட்டினவர்,” என்ற அன்புராசா பலகாரத் தட்டை நீட்டினார். “பயத்தம் பணியாரம் எடுங்கோ.”

அப்போது பாலேஸ்வரி அன்புராசாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கட்டிய நாளிலிருந்து நவரட்ணம் அப்படியொரு பார்வையை வாங்கியதில்லை. சுவீப்பரை எப்படியோ தேடி வாங்கிவிட்டார். இதை எங்கே போய் வாங்குவது? அவருக்கு முன்பைவிட மோசமாக வயிறு எரிந்தது.