போலீஸின் கருவிப் பெட்டி

விமானப் பட்டறையில் அவரை எல்லோரும் 'போலீஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். பார்ப்பதென்னவோ மெக்கானிக் வேலை. ஆனால் மனிதர் தன் நிழலைக்கூட நம்பமாட்டார். அவருடைய கருவிப் பெட்டிப் பக்கம் யாராவது தலையைத் திருப்பினாலே போதும், 'என்ன பார்வை?' என்று மல்லுக்கு நிற்பார். யாரும் எடுத்துப் போய்த் தன்னுடையது என்று சொல்லிவிடக் கூடாதே என்று, ஒவ்வொரு கருவியின் பிடியிலும் மனைவியின் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்திருந்தார்.

பெட்டிக்குள் கறுப்பு ஸ்பாஞ்சில் ஒவ்வொரு ஸ்பானருக்கும் ஸ்க்ரூடிரைவருக்கும் அதனதன் வடிவத்திலேயே குழி வெட்டியிருக்கும். வேலை முடிந்ததும் ஒரு குழி காலியாக இருந்தால்கூட விமானம் நகரக் கூடாது. காணாமல்போனது உள்ளே எந்தக் குழாயைக் குத்திக்கொண்டு கிடக்கிறதோ, யார் கண்டது?

கொஞ்ச நாளாக வீட்டிலும் அவருக்கு ஒரே சந்தேகம். மூக்குக் கண்ணாடி வைத்த இடத்தில் இருப்பதில்லை. வண்டிச் சாவி ஃபிரிட்ஜுக்குள் கிடக்கிறது. ஏன் என்று கேட்டால் மனைவி பதில் சொல்லாமல் தன் தம்பியோடு குசுகுசுவென்று பேசுகிறாள். அந்தத் தம்பியும் அதே பட்டறையில் இவர்கூடத்தான் வேலை பார்க்கிறான். அக்காவும் தம்பியும் தனக்குக் குழி பறிக்கிறார்கள் என்றே போலீஸ் முடிவு கட்டிவிட்டார்.

அன்று காலை பெட்டியைத் திறந்தார். ஒரு குழிகூடக் காலியில்லை. கட்டிங் பிளேயரை எடுத்து அமுக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். அவருடைய பிளேயர் சொன்ன பேச்சைக் கேட்கும்; இது முரண்டு பிடித்தது. பிடியில் அதே சிவப்புப் பொட்டு. முகர்ந்து பார்த்தார். பாலிஷ் வாசனை இன்னும் போகவில்லை.

அடப்பாவிகளா! பெட்டியின் மாற்றுச் சாவி வீட்டு பீரோவில். பாலிஷும் வீட்டில். நல்ல சாமானைச் சுட்டுவிட்டு மட்டமான சரக்கை வைத்திருக்கிறான் மச்சினன், அதற்கு அக்காவும் உடந்தை! கையும் களவுமாகப் பிடித்துவிட்ட தெம்பில், அவன் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனார்.

"பழசை எங்கடா வித்த?"

"விக்கல மாமா. கையை எடுங்க, சொல்றேன்."

"பொட்டு வெச்சது உங்க அக்காதானே?"

"அக்காதான். நேத்து சாயங்காலம் அந்தக் குழி காலியா இருந்துச்சு. நீங்க பாக்காமலே எல்லாம் சரியா இருக்குன்னு கையெழுத்து போட்டுட்டீங்க."

"பொய் சொல்லாதே!"

"எதுக்கு மாமா பொய் சொல்லணும்? கண்ணாடியை நீங்கதான் எங்கேயோ வெச்சிட்டுத் தேடுறீங்க. போன வாரம் வீட்டுக்கு வர்ற வழி தெரியாம நின்னீங்க. நான்தான் கூட்டிட்டு வந்தேன், அதுவும் ஞாபகம் இல்ல. டாக்டர்னு வாயெடுத்தாலே திட்டுறீங்க. உங்க வேலை போயிடும்னு அக்கா ஒரே அழுகை. அதான் புதுசு வாங்கி வெச்சேன்."

"அப்போ பழசு?"

"பட்டறை பூரா தேடிட்டேன். இல்ல."

"விமானத்துல பாத்தியா?"

மச்சினன் தலையைக் குனிந்துகொண்டான். "அது அதுக்குள்ள கிளம்பிடுச்சு மாமா."

போலீஸ் நேற்றைய வேலையை நினைத்துப் பார்த்தார். நேற்று எங்கே ஏறினோம்? எஞ்சினிலா, சக்கரம் மடங்கும் அறையிலா? மண்டையைப் போட்டுக் குடைந்தார். ஒன்றும் வரவில்லை. ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவருக்குத் தன்னைச் சந்தேகப்பட ஒருநாளும் தோன்றியதில்லை. பயமாக இருந்தது. சின்னப் பிள்ளைபோல அழுகை வந்தது.

போன விமானம் அன்று காலைதான் திரும்பி வந்திருந்தது. வெளியே அதில் பயணிகள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"நான் சத்தமில்லாம உள்ள போய்ப் பாத்துட்டு வந்துடறேன் மாமா. யாருக்கும் தெரிய வேணாம்."

"ஜனங்க ஏறிட்டு இருக்காங்கடா, முட்டாள்!"

இதைச் சொன்னால் தன் வேலை அவ்வளவுதான் என்று தெரிந்தே மேற்பார்வையாளரிடம் ஓடினார்.

"விமானத்தை நிறுத்துங்க சார். என் பிளேயர் உள்ள இருக்கு. எங்க வெச்சேன்னு எனக்கு ஞாபகம் இல்ல."

பயணிகளை முணுமுணுக்க முணுமுணுக்க இறக்கினார்கள். சக்கர அறையில் இரண்டு குழாய்களுக்கு நடுவே பிளேயர் மாட்டிக்கொண்டிருந்தது. ஒரு குழாய் தேய்ந்து பளபளத்தது. இன்னொரு தடவை சக்கரம் மடங்கியிருந்தால் அது தாங்கியிருக்காது.

"நேத்து இங்க ஏறினது யாரு?" என்றார் மேற்பார்வையாளர்.

"நான்தான் சார்," என்று மச்சினன் முந்திக்கொண்டான். "மாமாகிட்ட கேக்காம எடுத்தேன்."

"இவனை நம்பாதீங்க சார், புளுகுறான்," என்றார் போலீஸ். "பெட்டி என்னுது, கையெழுத்தும் என்னுது. இவன் பண்ணின தப்பு, நேத்தே வாயைத் திறக்காததுதான்."

பெட்டிச் சாவியை மேற்பார்வையாளர் கையில் வைத்தார். அது திரும்பி வராது என்று அவருக்குத் தெரியும். விசாரணை முடியும்வரை மச்சினனும் வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். இரண்டு பேரும் ஒன்றாகவே வெளியே வந்தார்கள். கேட்டைத் தாண்டியதும் போலீஸ் நின்றார்.

"உங்க அக்காகிட்ட நீயே சொல்லிடு," என்றார். "நான் சொன்னா பாதியை விட்டுடுவேன்."