மாலில் அத்தையின் தூக்குச்சட்டி

பெரம்பலூர் பக்கம் குன்னத்திலிருந்து வந்திருக்கும் அத்தையை இன்று சென்னையில் ஒரு மாலுக்கு அழைத்துப்போனேன்.

சாப்பாட்டுக் கடைகளின் விலைப் பலகையைப் பார்த்தார். அங்கேயே ஒரு மேசையில் தூக்குச்சட்டியைத் திறந்துவிட்டார். புளிச்சோறு.

செக்யூரிட்டி வந்துவிட்டார். "வெளிச் சாப்பாடு இங்க சாப்புடக் கூடாதும்மா. எந்திரிங்க."

எனக்கு மானம் போனது. அத்தை அசையவில்லை.

"பேச்சு நம்ம பக்கமா இருக்கே. எந்த ஊருப்பா?"

"அரியலூர் பக்கம், செந்துறைங்க."

"செந்துறையில யாரு வூட்டுப் புள்ள?"

ஐந்தே நிமிடத்தில் அவர் அத்தைக்கு நாத்தனார் மகன் முறை ஆகிவிட்டார்.

"அந்த மூலைக்கு வாங்கத்தை, அங்க கேமரா கெடையாது" என்று சட்டியை அவரே தூக்கிக்கொண்டு நடந்தார். மூடியில் தனக்கும் ஒரு பங்கு வாங்கிக்கொண்டார்.

இப்போது மாடியில், தியேட்டர் வாசலில் டிக்கெட் பார்ப்பவரிடம் அத்தை, கையில் அதே தூக்குச்சட்டியோடு, "எந்த ஊருப்பா?" என்று ஆரம்பித்திருக்கிறார்.

அவர் பெரம்பலூர்க்காரராக இருக்க வேண்டும் என்று எல்லோரும் வேண்டிக்கொள்ளுங்கள்.